கட்டடத்துக்கு வரைபடம் உண்டு, பாட்டுக்கு?

நான் மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது நம் பேரவையினர் ஒரு சிறு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தனர். பல்கலைக்கழக வளாகத்தின் வரலாற்றையும் சிங்கப்பூர்த் தமிழர்களின் உழைப்பையும் ஒரே அறையில் காட்டவேண்டும் என்பது திட்டம். கட்டடங்களைப் பற்றித் தகவல் திரட்டும் பொறுப்பு கட்டடக்கலை பயின்ற நண்பர் ஒருவரிடம் போயிற்று. உழைப்பாளர் பாடல்களைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருவரும் பல்கலைக்கழக ஆவணத் தொகுப்புக்கு ஒன்றாகவே சென்றோம்.

நண்பருக்கு அரை மணி நேரத்தில் ஒரு தள்ளுவண்டி நிறைய வரைபடங்கள் வந்தன. எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. "எந்த வேலைக்கு உரிய பாட்டு? யார் பாடியது? எந்த ஆண்டு?" என்று ஆவணப் பொறுப்பாளர் பொறுமையுடன் கேட்டார். மூன்றில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றதன் விளைவே இந்தக் கட்டுரை.

மேட்டின்மேல் ஒரு வளாகம்

முதலில் நண்பரின் தள்ளுவண்டியைப் பார்ப்போம். நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் கெண்ட் ரிட்ஜ் மேட்டுக்கு முன்பு பாசிர் பாஞ்சாங் மேடு என்று பெயர். 1952-இல் கெண்ட் கோமகள் இங்கு வந்துசென்றதன் நினைவாக 1954-இல் பெயர் மாற்றப்பட்டது. புக்கிட் தீமாவில் இருந்த சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு இடம் போதாமல் போகவே, இந்த மேட்டில் புதிய வளாகம் அமைக்க முடிவாயிற்று. அதற்கு முழுமைத் திட்டம் வகுத்தவர் எஸ். ஜே. வான் எம்டன் என்ற டச்சுக்காரர். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் திட்டம் வகுத்தவரும் அவரே. 1970-களின் நடுப்பகுதியிலிருந்து பல்கலைக்கழகம் கட்டங்கட்டமாக இங்கு இடம்பெயர்ந்தது. 1980-இல் நன்யாங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து தேசியப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

புதிதாகச் சேரும் மாணவர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூன்றாம் மாடியில் நுழைந்தேன், நேராகத்தான் நடந்தேன், எப்படி ஐந்தாம் மாடிக்கு வந்தேன்?" அந்தக் குழப்பத்துக்கு விடை வான் எம்டனின் திட்டத்திலேயே இருக்கிறது. அவர் மேட்டை வெட்டிச் சமதளமாக்க விரும்பவில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே நீளமான, உயரம் குறைந்த கட்டடங்களை ஓடவிட்டார். ஒரே அளவுள்ள கூறுகளை ஒன்றோடொன்று கோத்து, தேவை வரும்போது நீட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. துறைகள் தனித்தனித் தீவுகளாக நிற்காமல் கூரையிட்ட நடைபாதைகளால் இணைந்திருக்க வேண்டும் என்றும் கருதினார். கட்டடம் மட்டமாகவே செல்கிறது, நிலம்தான் கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் மாடி எண் மாறுகிறது! அலங்காரத்தைக் குறைத்து, வடிவம் பயன்பாட்டிலிருந்து பிறக்கவேண்டும் என்று சொன்ன நவீனக் கட்டடக்கலையின் போக்கு இது. ஜூரோங் பக்கம் நன்யாங் வளாகத்தில் ஜப்பானியர் கென்சோ தாங்கே வகுத்த திட்டத்திலும் நீண்ட முதுகெலும்பு போன்ற கட்டடங்களைக் காணலாம்.

நண்பர் எனக்குக் காட்டிய ஒன்று இன்றும் மனத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு சிறு கட்டம் இருந்தது. திட்டத்தின் பெயர், வரைபட எண், அளவுவிகிதம், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று எல்லாம் அதில் அடங்கியிருந்தன. "இந்தக் கட்டம் இல்லையென்றால் இது வெறும் கோடு போட்ட தாள்தான்" என்றார் அவர்.

இழுக்கும் கணம் எது?

இனி பாட்டுக்கு வருவோம். தொழிற்பாடல் என்றதும் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். எட்டுப் பேர் ஒரு பாரத்தை இழுக்கும்போது ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் பாரம் அசையாது. எட்டுப் பேரின் பலமும் ஒரே நொடியில் சேரவேண்டும். அந்த நொடியைக் குறித்துக் கொடுப்பது பாட்டு. ஒருவர் முன்பாட்டுப் பாடுவார். அந்த நேரத்தில் மற்றவர்கள் மூச்சை உள்ளிழுத்துக் கைப்பிடியைச் சரிசெய்துகொள்வார்கள். 'ஏலேலோ', 'ஐலசா' போன்ற பின்பாட்டு வரும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். கையும் அப்போதுதான் இழுக்கும். ஆக, பொருளே இல்லாதவை போலத் தோன்றும் அந்த அசைகளில்தான் வேலை முழுவதும் நடக்கிறது.

ஏற்றப்பாட்டு கணக்குப் பிள்ளையின் வேலையையும் செய்தது. எத்தனை சால் தண்ணீர் இறைத்தாயிற்று என்ற எண்ணிக்கை பாட்டின் அடிகளிலேயே கோக்கப்பட்டிருக்கும். நடவுப்பாட்டு வரிசை கலையாமல் காத்தது. தோட்டத் தொழிலாளர் பாடல்களில் கங்காணியையும் துரையையும் கேலி செய்யும் அடிகள் ஏராளம். நேரில் சொன்னால் கூலி போகும். பாட்டில் சொன்னால் கங்காணியும் தலையாட்டிவிட்டுப் போவார்.

இது நேற்றுத் தோன்றிய மரபன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் ஏர்மங்கலமும் முகவைப் பாட்டும் குறிப்பிடப்படுகின்றன. வாழ்த்துக் காதையில் உலக்கை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு இடம்பெறுகிறது. கம்பரைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. ஏற்றம் இறைப்பவன் ஓர் அடியைப் பாடிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வேலையை நிறுத்திப் போய்விட்டானாம். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் எவ்வளவோ முயன்றும் அமையவில்லை. விடியும்வரை காத்திருந்து அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டாராம். 'ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை' என்ற பழமொழியை நாம் அறிவோம். கதை உண்மையோ இல்லையோ, அதில் ஒரு செய்தி இருக்கிறது: வேலை நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

சுண்ணாம்புக் கம்பம்

இந்தப் பாடல்கள் சிங்கப்பூரில் எங்கே ஒலித்திருக்கும்? சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'சுண்ணாம்புக் கம்பம்'. அங்கு இருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் அது. கம்பம் என்பது 'கம்போங்' என்ற மலாய்ச் சொல்லைத் தமிழ் நாக்கு திருப்பிக்கொண்ட வடிவம். வீரமாகாளியம்மன் கோயிலையும் அந்நாளில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அழைத்தனர்.

நகரின் வெண்மையான கட்டடங்களுக்குப் பின்னால் சுண்ணாம்பு இருந்தது. 1856 முதல் 1861 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினர். அதன் உட்சுவர்ப் பூச்சு 'மெட்ராஸ் சுண்ணம்' எனப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள் என்று கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் 1899-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். எத்தனை பங்கு எது என்ற பக்குவம் அச்சில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் சுண்ணாம்பு இடிப்போர் பாடல்கள் என்று ஒரு வகையே இருக்கிறது. இங்கே இடித்த கைகளின் பாட்டு அச்சில் ஏறவில்லை.

நம் வளாகத்துக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. இன்று டிப்போ சாலையில் இருக்கும் ருத்ர காளியம்மன் கோயில், அலெக்சாண்டிரா செங்கல் சூளையில் வேலை செய்த இந்துத் தொழிலாளர்களின் வழிபாட்டிடமாக 1913-இல் தொடங்கியது. சூளை போய்விட்டது, செங்கற்கள் எந்தெந்தச் சுவருக்குள்ளோ இருக்கின்றன. சாமி மட்டும் முகவரி மாறி இருக்கிறார்.

தாத்தாவும் அலமாரியும்

ஆவணத் தொகுப்பிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. தஞ்சை வட்டாரத்திலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவர் பாடி நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும், அப்போது நாங்கள் வீடு மாறினோம். வீவக அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலம் அது. பாட்டியின் தேக்கு அலமாரியை ஒரு மாடி கீழே இறக்கினால்தான் மின்தூக்கியைப் பிடிக்கமுடியும். சித்தப்பாக்கள் நால்வர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்கள். அலமாரி நகரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்து வந்து சுவரில் கை ஊன்றிக்கொண்டு ஒரு அடி பாடினார். அலமாரி படி படியாக இறங்கத் தொடங்கியது.

கண்காட்சிக்காக ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"தாத்தா, ஹார்பர்ல பாடின பாட்டு ஒன்னு பாடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை இல்லாம எப்படிடா பாடுறது?"

எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். வெட்கமில்லை, உண்மையிலேயே வரவில்லை. முதல் சொல்லைத் தொடங்குவார், தலையை ஆட்டிக்கொண்டு நிறுத்திவிடுவார். கடைசியில் அவரே வழி சொன்னார். "அந்த மேசையைப் பிடிங்கடா." நானும் தம்பியும் சாப்பாட்டு மேசையை ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். குரல் வந்தது! கூடத்தைச் சுற்றி மேசையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நாற்பது வினாடி. கை வலித்துக் கீழே வைத்தோம். பாட்டும் முடிந்தது.

அந்த நாற்பது வினாடியைக் கண்காட்சியில் ஒலிக்கவிட்டோம். பாராட்டும் கிடைத்தது. பிறகு ஒலிப்பதிவைத் தொகுப்பில் சேர்க்கலாம் என்று ஆவணப் பொறுப்பாளரிடம் எடுத்துச் சென்றேன். அவர் மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார். பாடியவர் பெயர் எழுதினேன். எங்கே கற்றார்? தெரியாது. எந்த வேலைக்கு? மூட்டை தூக்க, அவ்வளவுதான் தெரியும். சொற்களின் பொருள்? அங்கேதான் திகைத்தேன். பாட்டில் இரண்டு சொற்கள் எனக்குப் புரியவே இல்லை. கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேர்வு வந்தது, வேலை வந்தது. 2009-இல் தாத்தா காலமானார். படிவம் என் மேசை அறையில் அப்படியே இருந்தது.

'ஆரியா' என்ற சொல்

புரியாத சொற்களில் ஒன்று 'ஆரியா' என்று ஒலித்தது. அது என்னைப் பெரிதும் குழப்பியது. தாத்தா தமிழ் முரசை எழுத்து விடாமல் படித்தவர். கோ. சாரங்கபாணியின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சீர்திருத்தம் பேசியவர். அவர் எதற்காக ஆரியரைக் கூப்பிட்டுப் பாடவேண்டும்? நண்பர்கள் இதை வைத்து என்னை நெடுநாள் கேலி செய்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொன்றைத் தேடி ஒரு பழைய மலாய் அகராதியைப் புரட்டியபோது விடை கிடைத்தது. 'அரியா' என்பது கப்பல்காரர்களின் சொல். கயிற்றைத் தளர்த்தி மெல்லக் கீழே இறக்கு என்று பொருள். போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. இந்துமாக்கடலில் கப்பலேறிய லஸ்கர் மாலுமிகளின் பேச்சிலும் அதே சொல் வழங்கியிருக்கிறது. போர்த்துகீசிய மாலுமியின் கட்டளை துறைமுகம் துறைமுகமாக வந்து, தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் பாட்டில் உட்கார்ந்துகொண்டது!

அதைப் படித்த கணம் பழைய வீட்டின் மாடிப்படி கண்முன் வந்தது. தாத்தா அந்தச் சொல்லை இழுத்துப் பாடிய ஒவ்வொரு முறையும் அலமாரி ஒரு படி இறங்கியது. நாங்கள் மேசையைக் கீழே வைத்ததும் அந்தச் சொல்லில்தான். பொருள் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் குரலை மட்டும் பதிவு செய்தேன். வேலையைக் குறித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சொல் இன்றுவரை விளங்கவில்லை. விளக்கக்கூடியவரும் இல்லை.

தஞ்சோங் பகாரில் 1972-இல் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. மூட்டை மூட்டையாகத் தோளில் ஏறிய சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போனது. பாரந்தூக்கியை இயக்குபவருக்குப் பின்பாட்டு தேவையில்லை. அதே பத்தாண்டில்தான் கெண்ட் ரிட்ஜ் மேட்டில் நம் வளாகம் எழுந்தது. மேட்டின் தென்புறத்தில் நின்று பார்த்தால் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நாம் விரிவுரைக்கு நடக்கிறோம்.

சேர்த்து வைத்தவர்கள்

எல்லாமே போய்விடவில்லை. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' 1958-இல் வெளிவந்தது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்தது. இலங்கை மலையகத்தில் தொழிற்சங்கவாதியும் எழுத்தாளருமான சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்தார். மலேசியாவில் தோட்டத்தில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமி தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை நூலாக்கினார்.

நமக்கும் இதில் ஒரு கடன் இருக்கிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் சிறு சிறு தொகைகள் சேர்ந்துதான் அந்த நிதி ஆயிற்று. பல்கலைக்கழகத்தின் படியை மிதித்திராதவர்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இருக்கவேண்டும் என்று கொடுத்த பணம் அது. அவர்களின் பாட்டுக்கு அங்கே ஓர் இடம் தேடித் தருவது நம் பொறுப்பல்லவா?

மூலைக் கட்டம்

நண்பர் காட்டிய வரைபடத்தின் மூலைக்குத் திரும்புகிறேன். ஒரு பாட்டுக்கும் அப்படி ஒரு கட்டம் போடலாம். தாத்தா, பாட்டி, அண்டை வீட்டுப் பெரியவர் யாரிடமேனும் ஒரு பாட்டுக் கிடைத்தால் கீழ்க்கண்டவற்றை அன்றே எழுதி வையுங்கள்:

1. பாடியவர் யார், எந்த ஊர்க்காரர், என்ன வேலை செய்தவர்?
2. எப்போது, எங்கே, யாரிடம் கற்றார்?
3. எந்த வேலைக்கு உரிய பாட்டு? எத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலை?
4. முன்பாட்டு எது, பின்பாட்டு எது? கை இழுப்பது, தூக்குவது, இறக்குவது எந்தச் சொல்லில்?
5. புரியாத சொற்கள் எவை? அவற்றுக்குப் பாடியவரே சொல்லும் பொருள் என்ன?
6. பதிவு செய்த நாள், இடம், பதிவு செய்தவர் பெயர்.
7. பிறர் கேட்கலாம் என்று பாடியவர் இசைந்தாரா?

முடிந்தால் குரலை மட்டும் பதியாமல் படமாக எடுங்கள். உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். உலக்கையோ மேசையோ கயிறோ கையில் கொடுங்கள். ஐந்தாவது கேள்வியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்கள் வீட்டில் இல்லையே என்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்கு வாருங்கள். அண்மையில் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது, புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். வேலையில் பாடுவதுண்டா என்று கேட்டேன்.

"மெஷின் சத்தத்துல பாட்டு எங்கண்ணே கேக்கும்?" என்று சிரித்தார். சற்று யோசித்துவிட்டு, "ஆனா ஷட்டர் பலகை தூக்குறப்ப சத்தம் கொடுப்போம். இல்லாட்டி ஒரு ஆளு முன்னாடி தூக்கிருவான், இன்னொருத்தன் கை மாட்டிக்கும்" என்றார்.

என்ன சத்தம் என்று கேட்டேன். வாய் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். "இங்க நின்னுக்கிட்டு எப்படிண்ணே..." என்று கையை விரித்தார்.

எனக்குத் தாத்தாவின் குரல் கேட்டது. இம்முறை பையில் குறிப்பேடு இருந்தது. அடுத்த ஞாயிறு தம் நண்பர்கள் மூவருடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தூக்குவதற்கு ஏதாவது ஒன்றை நான் ஏற்பாடு செய்யவேண்டும்.